மணிக்கு ஊசி போட்டாச்சு என்றேன்

முன்பு வளர்த்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதும் முகம் வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்தும் என் பயம் வடியவில்லை. அதனால் இப்போதுள்ள மணிக்கு ஊசியே போடவில்லை. மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் இலவசமாகப் போட வந்தபோதும் அதைக் கொட்டகைக்குள் அடைத்துவிட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் செல்வியின் கெண்டைக்காலை மணி கடித்துவிட்டது.

"ஏனுங்கம்மா, இதுக்கு ஊசி போட்டிருக்குதுங்களா?"

"எங்கூட்டு நாயிக்குப் போடாம இருப்பனா அம்மிணி? போட்டாச்சு."

கௌரவம் அப்படிப் பேச வைத்தது. அவளும் நம்பி, காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் வாசலில் போய் நின்றேன்.

"பொய் சொல்லிட்டேன் சாமி. ஊசி போடல. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். "உங்க வார்த்தைய நம்பித்தானுங்க சும்மா இருந்தேன்."

ஊசிகள் எல்லாம் போட்டு அவள் நன்றாக இருக்கிறாள். மணிக்கும் போட்டுவிட்டேன். பழைய வீக்கத்தைச் சொன்னதும், மாட்டு டாக்டர் கொஞ்ச நேரம் கூடவே வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். அந்தப் பயத்தை அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

செல்வி இப்போதும் என்னோடு சிரித்துப் பேசுகிறாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும், இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்கிறாள்.