தசரதன் வாங்கிய நாலு எம்.பி. கார்டு

பட்டாபிராமில் யாரோ ஒருவருடைய மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள், திரையில் படம் காட்டுகிற ஒரு கார்டைச் சொருகினார்களாம். அன்றிலிருந்து கேமில் ஓடும் பந்தயக் காரின் பானட்டில் மேகம் நகர்வது தெரிகிறதாம். திருநின்றவூரிலிருந்து காலையில் புறப்படும் மின்சார ரயில் நெமிலிச்சேரியைத் தாண்டுவதற்குள் இந்தச் சேதி தசரதன் காதுக்கு வந்துவிட்டது. சொன்னவர் அதைப் பார்த்ததில்லை. அவருக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. "மேகம் இன்னா நைனா, பின்னாடி வர்ற லாரியே கண்ணாடில தெரியுதாம்" என்று ஜன்னலோரத்தில் இருந்தவர் தம் பங்குக்கு ஒரு லாரியைச் சேர்த்துவிட்டார்.

தசரதனுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மில்லிங் மெஷின் ஓட்டினான். அவன் அப்பா ஊரார் வயலில் நாற்று நட்டவர். இவனோ அளவு ஒரு இம்மி பிசகினாலும் சோறு இறங்காத ஆள். தொண்ணூற்றாறில் கம்பெனி ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அதன்பிறகு ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு உறுப்பு. முதலில் மதர்போர்டு, அப்புறம் பிராசஸர், அப்புறம் கலர் மானிட்டர்.

"புள்ளையாருக்கே தலய மட்டுந்தான் மாத்துனாங்க. இதுக்கு இன்னும் இன்னா மிச்சம் கீது?" என்பாள் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி.

மிச்சம் இருந்தது. அதற்குக் காரணம் எட்மண்ட்.

எட்மண்ட் ஆவடிக்காரன். அதே கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். தசரதன் செதுக்கி அனுப்புவதை அளந்து, தேறும் தேறாது என்று சொல்வது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், போட்ட வெள்ளைச் சட்டையோடு திருநின்றவூர் வந்துவிடுவான். ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கார்ப் பந்தயம் ஆடுவார்கள். திரை இரண்டாகப் பிரியும். பிரிந்த மறுகணம் மெஷினுக்கு மூச்சு வாங்கும். வளைவுக்கு வளைவு படம் நின்று நின்று வரும். ஒன்றரை வருஷத்தில் தசரதன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"மெஷின் இழுக்குது மச்சான்."

"எனக்கும் அதே மெஷின்தான மாமே. உன் பாதில மட்டும் மாட்டு வண்டி ஓடுதா?"

தசரதனிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. நின்று நின்று வரும் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன் ஜெயிப்பான், பார்த்து ஓட்டுகிறவன் தோற்பான். எட்மண்டுக்கு அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தே வயிறு புண்ணானது. இப்போது அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. விஜயதசமி அன்று இரவு விமானம். அதற்குள் ஒரே ஒரு பந்தயம், இழுக்காத மெஷினில், அவனை ஜெயித்துவிட வேண்டும். தசரதனுக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதல் கிடையாது.

போனஸ் வந்தது. அது மிக்சிக்கு என்று ஏற்கனவே பேசியிருந்தார்கள். சாமுண்டீஸ்வரி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"கார்டே வாங்கிக்க. ஆனா பொங்கல் வரைக்கும் சட்னி நீதான் அரைக்கணும், அம்மில."

"சரி."

"வெங்காய சட்னியும்."

"சரி சொல்ட்டேன்ல."

ரிச்சி தெருவில் ஒரு சந்துக்குள், ஆள் திரும்ப இடமில்லாத கடை. கையில் உள்ள காசுக்கு ராம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டலாம், அல்லது கார்டு மாற்றலாம். இரண்டும் முடியாது. ராம் கூட்டினால் கேம் சீக்கிரம் திறக்கும், ஆனால் வளைவில் இழுப்பது நிற்காது என்றார் கடைக்காரர். கார்டு என்றால் பழசுதான் கிடைக்கும், நாலு எம்.பி. "உங்க போர்டுல எந்த ஸ்லாட் சார்? வெள்ளையா, பிரவுனா?"

தசரதன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கார்டு சொருகும் ஸ்லாட்டின் நீளம், அகலம், நடுவில் இருக்கும் தடுப்பு எந்தத் தூரத்தில் வருகிறது என்பது வரை வெர்னியர் அளவுகோலால் அளந்து, படம் வரைந்து, மில்லிமீட்டரில் குறித்திருந்தான். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருவது வருஷமா கடை வெச்சிருக்கேன். கார்டுக்கு ஜாக்கெட் அளவு எடுத்துகினு வந்தது நீ ஒருத்தன்தான்பா" என்று சொல்லிவிட்டு, தாளைப் பார்த்தே கார்டை எடுத்துக் கொடுத்தார். கூடவே, கார்டை இயக்கும் மென்பொருள் உள்ள இரண்டு பிளாப்பி. "மாத்தித் தர மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்" என்றார்.

வாங்கி வந்த நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். உடனே மாட்டியிருக்கலாம். ஆனால் பூஜை போடாத புது டூலை மெஷினில் ஏற்றுவது கம்பெனியில் இல்லாத வழக்கம். தசரதன் கை அதற்கு ஒப்பவில்லை. மறுநாள் வெர்னியர், ஸ்பேனர், சைக்கிள், சாமுண்டீஸ்வரியின் அரிவாள்மனை எல்லாவற்றோடும் கார்டும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. பச்சைப் பலகையில் பொட்டு எங்கே வைப்பது? ஒரு ஓரத்தில் பொன் நிறத்தில் வரிசையாகப் பல் இருந்தது. ரம்பத்துக்குப் பல்லில்தானே வைப்போம் என்று, சாமுண்டீஸ்வரி அங்கேயே சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். பார்க்க லட்சணமாக இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. தொடவில்லை.

விஜயதசமி காலையில், பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். கச்சிதமாக இறங்கியது. சுவிட்சைப் போட்டான். திரை கருப்பு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளமான கூவல், இரண்டு குட்டிக் கூவல். பழையதைப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்தது. ஆக, கார்டு செத்த கார்டு.

எட்மண்ட் பதினோரு மணி வண்டிக்கு வருவதாகப் பேச்சு. தசரதன் துலுக்கானத்தின் டெலிபோன் பூத்துக்கு ஓடினான். செத்த கார்டை வாங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மச்சான், வராத. கரண்ட் இல்ல. சாயங்காலம் வரைக்கும் வராதாம்."

மறுமுனையில் எட்மண்ட், "நானும் சூட்கேஸ் கட்டிகினு கீறேன். பரவால்ல மாமே. ஏழு மணிக்கு வேன் வருது. வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றான். வந்தப்புறம் என்றால் இரண்டு வருஷம்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. அம்மியடியில் உட்கார்ந்து தேங்காயை அரைத்துத் தள்ளினான்.

"அது சட்னி, சிமெண்ட்டு இல்ல" என்றாள் சாமுண்டீஸ்வரி. கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். "இந்தா பாரு, நாம வெச்ச சந்தனம் அப்படியே காஞ்சி கீதே. இதத் தொடைக்காமயா சொருகுன?"

தசரதன் கையில் தேங்காயோடு எழுந்து வந்தான். பன்னிரண்டு வருஷம் மெஷின் முன்னால் நின்றவன். வேலை தொடங்குமுன் டூலில் வைத்த பொட்டை ஆப்பரேட்டர்தான் துடைக்க வேண்டும் என்பது கம்பெனியில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"இத மட்டும் எட்மண்டுக்குச் சொல்லாத" என்றான்.

"மஸ்கட்டுக்கு லெட்டர் போட்டாவது சொல்லுவேன்."

இங்க் ரப்பரால் பல்லைப் பளபளவென்று தேய்த்தான். ஸ்லாட்டுக்குள் விழுந்த பொடியைப் பழைய பல் பிரஷால் வாரி, சைக்கிள் பம்பால் ஊதினான். மறுபடி மாட்டினான். திரை விழித்துக்கொண்டது. பிளாப்பிகள் கரகரத்து முடிக்க மணி நாலு ஆயிற்று. பந்தயத்தைத் திறந்து, திரையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கையாலும் இரண்டு காரையும் தானே ஓட்டிப் பார்த்தான். எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போயின. பானட்டில் மேகம் நகர்ந்தது. லாரி மட்டும் வரவில்லை.

"ஓடுதா?" என்று சாமுண்டீஸ்வரி கேட்டு முடிப்பதற்குள் அவன் செருப்பில்லாமல் தெருவில் இருந்தான். ஆவடியிலிருந்து வண்டி இருபது நிமிஷம். ஒரே ஒரு பந்தயம். தோற்றாலும் சரி என்று முதல் முறையாகத் தோன்றியது. கரண்ட் இல்லை என்று சொன்னதற்கு என்ன சொல்வது என்று மட்டும் ஓடிக்கொண்டே யோசித்தான்.

பூத்தில் நம்பரைச் சுழற்றினான். எட்மண்டின் அம்மா ஆரோக்கியம்மாள் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். இரண்டு போயிற்று. நாலு.

"எடுக்கலியா?" என்றார் துலுக்கானம்.

"அடிச்சிகினு கீது அண்ணாத்தே."

"கோயிலுக்குப் போயிருப்பாங்க. ஊருக்குப் போறவன் வேண்டிகினு போவ மாட்டானா?"

"இருக்கும்." தசரதன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தான். சுவர்க் கடிகாரம் நாலு இருபது காட்டியது; ஏழு மணி வேனுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆறாவது மணி போய், ஏழாவது அடிக்கத் தொடங்கியது.