கல்யாண கேசட்டில் அப்பா

என் கல்யாணம் மூன்று கேசட்டுகளில் இருக்கிறது. முதலாவதில் நிச்சயதார்த்தமும் மாப்பிள்ளை அழைப்பும். இரண்டாவதில் முகூர்த்தம். மூன்றாவதில் மறுவீடும், மறுநாள் தேங்காய்ப்பாலில் செய்து போடும் சொதிச் சாப்பாடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் கல்யாணம் என்றால் வீடியோ இருந்தே ஆகவேண்டும் என்று ஆகியிருந்தது. அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். எங்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் ஒரே மகள் என்று வீடியோவுக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையிலேயே அப்பா போய்விட்டார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கட்டிக்கொண்டவருக்கு ஏற்கெனவே ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. தாயாரின் பிடிவாதத்துக்காக என் கழுத்தில் தாலி கட்டினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் நான் ஒருத்தி இருப்பது நினைவில்லாதவர்போல் இருந்தார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சூட்கேசோடு பாளையங்கோட்டைக்கு அம்மாவிடமே வந்து சேர்ந்தேன். ஊரார் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்தபோது எனக்கு ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. தினமும் விடியும்போதே பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது பத்தமடை வரைக்கும் நின்றுகொண்டுதான் வருவேன். அங்கே பாய்க்கட்டுகளோடு ஏறுகிறவர்கள் வேறு. வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பு இருக்காது. அம்மாவும் பேசச் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் பள்ளித் தாளாளர் வீட்டில் ஒரு துக்கம். மதியமே விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் திரும்பும்போதே பாட்டு கேட்டது. கல்யாண வீடியோக்காரர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் போட்ட சினிமாப் பாட்டுதான். ஆனால் அது எங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்பது வாசலுக்கு வந்த பிறகே உறைத்தது. உள்ளே அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி டிவியை அணைத்துவிட்டாள். வீடியோ டெக்கை அணைக்கத் தோன்றவில்லை. கேசட் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"என்னட்டி, இந்நேரமே வந்துட்ட? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவப் பாக்கணும் போல இருந்துச்சு. அதான் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

நான் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்தே இது நடந்திருக்கிறது. நான் பஸ் ஏறியதும் சமையலை முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு வேறு படம் இல்லாமல் இல்லை. சுவரில் மாலை போட்டு ஒன்று தொங்கியது. ஆபீசில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. அதைப் பற்றிக் கேட்டபோது அம்மா சொன்னாள்: "அதுல யாரோ மாதிரில்லா இருக்காவ. இதுல நடக்காவ."

எனக்கு அழத் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அண்ணன் தூத்துக்குடியில் இருந்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியோடும் பையனோடும் வருவான். அந்த டெக் அவன் வாங்கியது. மேலப்பாளையத்தில் துபாயிலிருந்து வந்த ஒருவரிடம், பெட்டி பிரிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தான். அப்போது தெருவே வந்து பார்த்தது. இப்போது தெருவில் எல்லா வீட்டிலும் கேபிள். அடுத்த தடவை வந்தபோது டெக்கை விற்றுவிடலாம் என்றான்.

"கேசட்?" என்றேன்.

"அத வச்சு என்ன செய்யப் போறிய? அந்தப் பய மூஞ்சியப் பாக்கதுக்கா? வச்சிருக்கதே தரித்திரம். வேணும்னா அழிச்சிட்டு சீரியலாவது பதிஞ்சு பாக்கலாம்லா."

என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் பார்த்தால் அலமாரியில் கேசட்டுகளைக் காணோம். தேடியதில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தன. அந்த வயதில் சொந்த மகனுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான், இதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா வருகிற இடங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு கேசட்டில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரின் ஸ்டூடியோ சந்திப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா. நல்லா இருக்கியளா? சார் நல்லா இருக்காவளா?"

"அது முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. அப்பாவும் இல்ல. அந்தக் கேசட்டுல அப்பா வாரத மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா?"

பையிலிருந்து நான் எடுத்து வைத்த கேசட்டுகளில் ஒன்றை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம்.

"செஞ்சிரலாம். மொதல்ல இதத் தொடைக்கணும். ஆனா ஒண்ணு, நீங்க கூட இருந்து சொல்லணும். பொண்ணு வீட்டு அப்பாமாரு நடுவுல நிக்க மாட்டாவ. ஓரத்துல ஓரத்துல வருவாவ. எது அவியன்னு எனக்குத் தெரியாதுல்லா."

இப்படியாக என் கல்யாணத்தை நான் மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸில் நின்று வந்து, காற்றில்லாத அந்தச் சின்ன அறையில் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். இரண்டு டெக்கும் இரண்டு டிவியும் சூடு கிளப்பிக்கொண்டிருக்கும். திரையில் என் முகம் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழும். பிறகு ஒரு இதயத்துக்குள் நானும் அவரும் சுற்றுவோம். "அப்பம் எல்லாரும் இதத்தான் கேப்பாவ" என்று ஸ்டூடியோக்காரர் சங்கடத்தோடு சொல்லி வேகமாக ஓட்டுவார். திரையில் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எப்போது முடியும் என்று மட்டும் இருந்தது.

அப்பா உண்மையிலேயே ஓரத்தில்தான் இருந்தார். நாற்காலி தூக்கிக்கொண்டு குறுக்கே போனார். யாரையோ கும்பிட்டபடி பாதி உடம்போடு நின்றார். ஒரு இடத்தில் தாம்பாளத்தை நீட்டும் கை மட்டும் வந்தது. கைக்கடிகாரத்தை வைத்து அவர்தான் என்று சொன்னேன். இன்னொரு இடத்தில் முதுகு. வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பேசுறது ஒண்ணுமே கேக்கலியே அண்ணாச்சி?"

"பாட்டுப் போட்டுட்டோம்லா. பேச்சு அதுலயே அழிஞ்சிரும்."

"நீங்க மொதல்ல எடுத்த கேசட்டு?"

"அதுல அடுத்த கல்யாணம் எடுத்தாச்சும்மா. எல்லாத்தையும் வச்சுக்கிட்டிருந்தா எங்களுக்குக் கட்டுபடியாவாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது தொழில். ஆனால் அப்பாவின் குரலை இனி கேட்க முடியாது என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. குரல் என்று ஒன்று இருந்ததையே அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது கேசட்டில், சொதிச் சாப்பாட்டுப் பந்தியில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். இலைச் சத்தம், வாளிச் சத்தம். அதற்கு நடுவில், ஆளே தெரியாமல், அப்பாவின் குரல்: "லே, இந்த வரிசைக்கு இஞ்சித் துவையல் வரல. பைய வா, பைய வா, கொட்டிராத." உடனே அடுத்த பாட்டு வந்து அமுக்கிவிட்டது.

ஸ்டூடியோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு பிரச்சினை இருந்தது. அப்பாவின் முகம் முழுதாக, நெருக்கமாக, தெளிவாக இருப்பது ஒரே இடத்தில்தான். தாரை வார்க்கும்போது. என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். அம்மா செம்பிலிருந்து நீர் வார்க்கிறாள். அப்பாவின் உதடு நடுங்குகிறது. அந்த ஆளை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் எடுக்க வழியில்லை. மூன்று பேரின் கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன.

"இத என்ன செய்யட்டும்மா?" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. வச்சிருங்க" என்றேன்.

புதிய கேசட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை உட்காரவைத்துப் போட்டேன். நகல் என்பதால் கொஞ்சம் மங்கல்தான். அப்பா நாற்காலி தூக்கினார், கும்பிட்டார், கை நீட்டினார், திரும்பி நின்றார். பந்தியில் குரல் வந்தது. அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தாரை வார்த்தார். முடிந்துவிட்டது. அம்மா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்காம்மா?"

"இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பழசையே போடுட்டி" என்றாள்.

"ஏன்?"

"இதுல அவிய மட்டும் தனியா நிக்காவ. வந்தவுக போனவுக ஒருத்தரும் இல்ல. வெட்டி வெட்டி வருது. அதுலன்னா நான் பாத்துக்கிட்டே இருப்பேன், எங்கயோ போயிட்டு வருவாவ. இப்பம் வந்துருவாவன்னு இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை சாயங்காலம் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பழைய கேசட்டை எடுத்துப் போட்டேன். எழுந்து போகலாம் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்க அலுப்பாக இருந்ததால் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்குக் கஷ்டமா இல்லையாட்டி?"

"கஷ்டந்தான். ஓடட்டும்."

அன்றைக்குத்தான் முதல்தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். முகூர்த்தம் வந்தது. அம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

"இந்தப் பய ஒருதடவ கூட சிரிக்கல, பாத்தியா? இத்தன தடவ போட்டும் நான் அவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல. அன்னைக்கும் பாக்கல. வெக்கம்னு நெனச்சோம்."

நானும் பார்த்தேன். மாலைக்குள் அவர் முகம் வாடிக் கிடந்தது. யாராவது தண்ணீர் கொண்டுவர மாட்டார்களா என்று தேடுவதுபோல் கண் அங்குமிங்கும் போனது. அந்த மண்டபத்தில் அவரையும் யாரும் கேட்கவில்லை. இதை நினைத்ததும் எனக்குள் எதுவும் ஆறிவிட்டதாகச் சொல்ல முடியாது. இதுவும் இருந்திருக்கிறது என்று மட்டும் பட்டது.

அதன்பிறகு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கவில்லை. அண்ணன் வரும்போதுகூட ஒருநாள் போட்டாள். அவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, பந்தியில் சட்டையில்லாமல் ஓடித்திரியும் தன் சின்னப் பையனைப் பார்த்துவிட்டு, மதினியைக் கூப்பிட்டுக் காட்டினான். டெக்கை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த டெக் அடிக்கடி படுத்துக்கொண்டது. படம் நடுவில் கோடு கோடாக ஓடும். சந்திப்பு ஸ்டூடியோக்காரர்தான் வந்து டெக்கைத் திறந்து, நாடா உரசி ஓடும் 'ஹெட்'டைத் துடைத்துவிட்டுப் போவார். "எல்லாம் சிடிக்கு மாறியாச்சு டீச்சர். இதுக்குச் சாமான் கெடைக்கதே கஷ்டமா இருக்கு" என்பார். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சிடியிலும் ஒன்று போட்டு வாங்கினேன். ஆனாலும் வெயில் வந்த நாட்களில் கேசட்டுகளை வெளியே எடுத்துவைத்து, துடைத்து, ஒருதடவை ஓட்டி எடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. துணி துவைப்பதுபோல, திருத்துவதற்குக் கிடக்கும் பரீட்சைத் தாள்போல, அதுவும் ஒரு வேலை. சந்தோஷமாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தது ஒரு பங்குனி மாதம். வெளியே நல்ல வெயில். ஃபேன் சுற்றியும் வேர்த்தது. மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள்ளேயே அம்மா கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பா குறுக்கே வந்தார். எழுப்பலாமா என்று பார்த்தேன். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.