எனக்காக நின்ற பஸ்

சுகர் ஜாஸ்தி என்று டாக்டர் கண்டித்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் ஓட ஆரம்பித்தேன். வீம்புக்கு மாரத்தானுக்கும் பேர் கொடுத்துவிட்டேன். விடிந்ததும் முதுநகர் வீட்டிலிருந்து கிளம்பி சிதம்பரம் சாலையில் ஓடுவேன். அங்கேதான் வம்பு. காலையில் சிதம்பரம் போகும் பஸ் என்னைத் தாண்டியதும் பிரேக் போட்டு நிற்கும். அதைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறேன் என்று கண்டக்டருக்கு நினைப்பு.

“ஓடாதீங்க மாமா, நிறுத்திட்டோம். மெதுவா ஏறுங்க.”

“பஸ்ஸுக்கு ஓடலப்பா, உடம்புக்கு ஓடுறேன்!”

அவருக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. அதுவரை தினமும் நிறுத்தினார், தினமும் கத்தினேன். ஜன்னலோரத்து மீன்காரம்மாக்கள் சிரித்தார்கள்.

போன மாதம் முதன்முறையாக முப்பது கிலோமீட்டருக்குத் துணிந்தேன். திரும்பும் வழியில், வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது கால் இரண்டும் கெஞ்சின. வெயிலும் ஏறிவிட்டது. போதுமடா சாமி என்று நடக்க ஆரம்பித்தபோது, சிதம்பரம் போய்த் திரும்பிய அதே பஸ் பின்னால் வந்தது. வெட்கத்தை விட்டுக் கை காட்டினேன்.

கண்டக்டர் படியில் நின்றபடி பதிலுக்குக் கை ஆட்டினார்.

“தெரியும் மாமா, உங்களுக்கு நிறுத்த மாட்டோம். நீங்க ஓடுங்க!”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் எப்படி நடப்பது? அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே மிச்ச ஆறு கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன்.