திருந்திவிட்ட கையெழுத்து

நாமக்கல் கடைவீதியில் முத்தாயம்மாளின் நெய்க்கடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசனை வந்த பக்கமாக நடந்தால் போதும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் வெண்ணெய்ச் சட்டிகளைத் தலையில் சுமந்து வந்து இறக்குவார்கள். அவள் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நேத்துக் கடைஞ்சது", "இதுல மோர் நிக்குது" என்று சொல்லி எடை போடுவாள். உருக்குவதும் அவளேதான். முருங்கை இலை ஒரு கொத்து போட்டு இறக்கினால் தெருக்கோடி வரைக்கும் மணக்கும்.

வியாபாரம் சேலம் வரைக்கும் போன பிறகு ரொக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அலைவது அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கடைவீதியிலேயே ஒரு பேங்கு திறந்தபோது, போய்க் கணக்கு வைத்துக்கொண்டாள். ஆனால் அங்கே ஒரு சிக்கல் வந்தது. கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் செக்குப் புத்தகம் கிடையாதாம். ஒவ்வொரு தடவையும் நேரில் வந்து, அதிகாரி முன்னால் ரேகை வைத்துத்தான் பணம் எடுக்க வேண்டுமாம்.

"அப்ப நான் கையெழுத்துப் போடக் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் புருஷன் அப்புசாமிக்கு ஒரே சிரிப்பு. "பேங்குல செக்கு வாங்கப் போறயா? நம்மூட்டுல எண்ணெய் ஆட்டறதுக்கு எள்ளு எங்க இருக்குது? மாடு பூட்டோணுமா, நானே இழுக்கோணுமா?"

"நீங்களே இழுங்க. மாட்டுக்குத் தவுடாவது மிச்சம்."

மருமகள் வசந்தாமணி ஜலகண்டாபுரத்துப் பெண், பள்ளிக்கூடம் போனவள். அவள் சிலேட்டில் பெயரை எழுதிக் காட்ட, மாமியார் உருக்குச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடி அந்த எழுத்துகளின்மேலேயே எழுதி எழுதிப் பழகினாள். மாதம் ஒன்று முடிவதற்குள், "வந்துருச்சு" என்று எழுந்து நேரே பேங்குக்குப் போனாள். அங்கே பேங்குக்குப் பொறுப்பாக இருந்த ஏஜெண்டு நீட்டிய மாதிரிக் கையெழுத்து அட்டையில், நெற்றி வியர்க்க, பேனாவை ஏர் மேழி மாதிரிப் பிடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். செக்குப் புத்தகம் கைக்கு வந்தது.

அதன் பிறகுதான் அவளுக்கு எழுத்தின்மேல் உண்மையான ஆசை பிடித்தது. செக்கில் ஒரு தடவை எழுதுவதற்குச் சிலேட்டில் இருபது தடவை எழுதிப் பார்ப்பாள். சுழிகளை உருட்டுவாள். புள்ளியை மூக்குத்திக் கல் பதிப்பதுபோல் நடுவில் பார்த்து வைப்பாள். கடைசியில் கீழே ஒரு கோடு இழுத்து அதை மேலே வளைத்தும் விடுவாள். கோடு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகச் சேர்த்தது.

அந்த வருஷம் தைக்குப் பிறகு ஓமலூர் மாட்டு வியாபாரி கந்தப்பனிடம் இரண்டு கறவை எருமைகள் வாங்கினாள். சந்தை நாளில் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து விட்டவர், செக்கை வாங்கிக்கொண்டு பேங்குக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. கையில் செக்கு, அதோடு குண்டூசி குத்திய ஒரு துண்டுச் சீட்டு.

"ஏனுங்க அம்மணி, இது என்னங்க ஞாயம்? எருமையை ஓட்டீட்டு வந்து கட்டினதும், கையெழுத்தை மாத்திப் போட்டுத் தந்துட்டீங்களே!"

வெண்ணெய் கொண்டுவந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன சொல்றீங்க? நான் போட்ட கையெழுத்துத்தானே அது?"

"உங்களுது இல்லைங்கறான் பேங்குக்காரன். மாதிரியோட சேரலையாமா. வேணுமின்னே மாத்திப் போட்டாப் பணம் தர வேண்டாமுன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்கோணும்!"

கந்தப்பன் மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். அவர் சொன்னது எதிர் வரிசைக் கடைகளுக்கும் கேட்டது. சட்டியை இறக்கி வைத்த ஒருத்தி அதை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு, "நான் அப்பறமா வாரேனுங்க" என்று நழுவினாள். முத்தாயம்மாள் ஒரு பொழுதும் யாரையும் பணத்துக்கு இழுத்தடித்ததில்லை. உருக்குச் சட்டியின் கீழே நெருப்பை இழுத்து அணைத்தாள். "வசந்தா, வா கண்ணு. நீங்களும் வாங்க. யாரு மாத்தினதுன்னு பாத்துப்போடலாம்" என்று தெருவில் இறங்கினாள்.

பேங்கில் பணம் கொடுக்கும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சின்னுசாமி. அவள் கடையில் மாதாமாதம் நெய் வாங்குகிறவர்.

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள் முத்தாயம்மாள்.

"உங்களை நல்லாத் தெரியுமுங்கம்மா. ஆனா அவரு கொண்டாந்தது செக்கு. அதுல உங்க முகமா இருக்குது? கையெழுத்துத்தானுங்க இருக்குது."

சத்தம் கேட்டு ஏஜெண்டு உள்ளே இருந்து வந்தார். மூன்று பேரையும் தன் அறையில் உட்கார வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க எழுதாத செக்குக்கு நாங்க பணம் குடுத்துட்டா, அது எங்க நட்டம். உங்க கணக்குல கழிக்க முடியாது. அதனால அட்டையோட ஒத்துப் பாக்காம ஒரு காசு குடுக்க மாட்டோம். செக்கு வந்தா அன்னைக்கே பணம் குடுக்கோணும். இல்லீன்னா அன்னைக்கே இன்ன காரணமுன்னு எழுதித் திருப்பிக் குடுக்கோணும். கையில வெச்சுக்கிட்டு யோசனை பண்ணவும் கூடாது, காரணஞ் சொல்லாம வீசவும் கூடாது."

கந்தப்பன் குறுக்கிட்டார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. கணக்குல பணம் இருக்குதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"அது அவங்க கணக்கு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க."

"பாத்தீங்களா! இல்லைங்கறதைத்தான் இப்படிச் சொல்றாங்க!"

முத்தாயம்மாள் மேஜையில் தட்டினாள். "என்ற கணக்கு, நானே சொல்றேன். அவருக்குச் சொல்லுங்க. வாசல்ல நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

ஏஜெண்டு சிரித்துவிட்டார். "இன்னும் ஒரு பட்டி எருமை வாங்கினாலும் குடுக்கறதுக்குப் பணம் இருக்குதுங்க" என்று சற்று உரக்கவே சொன்னார். கந்தப்பனின் தோள் மெல்ல இறங்கியது.

பிறகு ஏஜெண்டு அந்த அட்டையையும் செக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அட்டையில் 'மு' ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. 'த்' தன் புள்ளியை எங்கோ தொலைத்துவிட்டது. கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கிக் கீழே விழுந்திருந்தது. செக்கிலோ எழுத்துகள் கோலப் புள்ளிகள்போல் வரிசையாக, உருண்டையாக நின்றன. அடியில் அந்த வளைந்த கோடு வேறு.

"அட, இதையா நான் எழுதினேன்!" என்று அட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள் முத்தாயம்மாள். வசந்தாமணிக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. "அத்தைங்க, நீங்க நல்லா எழுதப் போயித்தானுங்க வம்பு!"

ஏஜெண்டு ஒரு காகிதத்தைத் தள்ளினார். "பழையபடியே ஒண்ணு போட்டுக் காட்டுங்க. அட்டையோட சேந்துச்சுன்னா, செக்குலயும் அப்படியே போட்டு இப்பவே பணத்தைக் குடுத்தரலாம்."

இங்கேதான் வேடிக்கை. அவளால் கோணலாக எழுத முடியவில்லை. 'மு'வைச் சாய்த்தாள், அது அழகாகச் சாய்ந்தது. புள்ளியை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். கை தானாகப் போய் வைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். அப்போதும் கோடு இழுத்து மேலே வளைத்துவிட்டுத்தான் பேனா நின்றது. "மோசமா எழுதுங்கத்தை, இன்னும் மோசமா!" என்று வசந்தாமணி ஊக்கம் கொடுத்தாள். கந்தப்பனே மேஜையோரம் வந்து, "அந்தக் கடைசி எழுத்தைக் கீழ தள்ளுங்க அம்மணி" என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஏஜெண்டு புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, தன் முன்னாலேயே கையெழுத்து வாங்கி, பழையதைக் குறுக்கே அடித்தார். கந்தப்பன் அதே செக்கை மறுபடி நீட்டினார். இப்போது சின்னுசாமி தடையில்லாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

கத்துவதில் மட்டுமல்ல, திருத்திச் சொல்வதிலும் கந்தப்பனுக்குக் குரல் குறையவில்லை. சந்தை முழுக்க நடந்து, "நாந்தான் தப்பாப் பேசிப்போட்டேன். எழுத்து அழகாப் போச்சுன்னு திருப்பியிருக்கானுங்கப்பா பேங்குக்காரன்!" என்று சொல்லிக்கொண்டு போனார். நழுவிப் போன சட்டி மறுநாளே திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் வெண்ணெய்க்காரப் பெண்கள் சிலர், "எங்களுக்கும் அந்தக் கோடு இழுக்கக் காட்டுங்க" என்று வசந்தாமணியைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னாயி என்பவள் பெயரை எழுதக் கற்று, தனக்கென்று ஒரு கணக்கே வைத்துக்கொண்டாள்.

யுத்த காலத்தில் நெய்க்குக் கிராக்கி கூடியது. சேலத்தில் காப்பிக் கடை வைத்திருந்த வேலுசாமி நெய் வாங்கிய பணத்துக்கு அவளுக்கு ஒரு செக்கு அனுப்பினார். அவள் பேங்கில் போட, அது சேலம் போய்த் திரும்பி வந்தது. சீட்டில் இருந்த இங்கிலீஷைச் சின்னுசாமி குரலைத் தாழ்த்திப் படித்துச் சொன்னார். "எழுதினவரையே கேக்கவுமுன்னு போட்டிருக்குதுங்கம்மா. பணம் பத்தலைன்னாப் பெரும்பாலும் இப்படித்தான் போடுவோம். பச்சையா எழுதி ஆளை அவமானப்படுத்தறதில்லை."

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் கூட்டம் நெரிந்தது. அவளைக் கண்டதும் வேலுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளோ ஒரு மூலையில் உட்கார்ந்து காப்பி சொன்னாள். ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கூட்டம் கலைந்த பிறகு அவரைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"உங்களையே கேக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. அதுதான் கேக்க வந்தேன். வேற யாருகிட்டயும் கேக்கலை."

வேலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வரவேண்டியது வரவில்லை, சர்க்கரைக்கு முன்பணம் கட்டிவிட்டேன் என்று தடுமாறினார்.

"காரணம் வேண்டாமுங்க. என்னைக்குப் போட்டாச் செல்லுமுன்னு சொல்லுங்க. அன்னைக்குத் திரும்பப் போடறேன்."

அவர் பங்குனிக் கடைசியைச் சொன்னார். பங்குனிக் கடைசியில் அந்தச் செக்கு செல்லுபடியாகிவிட்டது. பிற்காலத்தில் கடையை மூடும் வரைக்கும் அவர் வேறு யாரிடமும் நெய் வாங்கவில்லை.

ஆனால் சேலம் போய்வந்த அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவளிடம், "போன காரியம் என்னாச்சுங்கத்தை? சேலத்துல என்ன சேதி?" என்று வசந்தாமணி கேட்டபோது, முத்தாயம்மாள் முகம் கழுவிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்.

"காப்பி நல்லா இருந்துச்சு கண்ணு. நம்ம நெய்யில முறுகலா ஒரு தோசையும் போட்டுக் குடுத்தாங்க."