செப்புத் தகட்டை மறந்த மூளை

சூதாட்டத்தை விடச்சொல்லி ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவன், பெரும்பாலும் தோற்றாலும் மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். அதாவது அவனுக்கும் அதே வியாதி இருந்தால் நல்லது. பேசிப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

சுரக்கும் இடம்

மாரியப்பன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். கலக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்; இறங்காவிட்டால் ஒரு பொறி போதும். ஒருநாள் மாரியப்பன் தகட்டைத் தொடாமலே உள்ளே போய்விட்டார். செல்போனை கேட்டில் ஒப்படைத்திருந்தார். அதில் காசு வைத்து ஆடும் ரம்மி சீட்டாட்டத்தை மட்டும் மண்டைக்குள் கொண்டுபோயிருந்தார். பார்த்துவிட்ட ஃபோர்மேன் கருப்பசாமி அவரை வெளியே இழுத்து, சிவகாசியில் ஆலோசனை சொல்லும் என்னிடம் அனுப்பினார்.

கூட வந்தவர் மனைவி செல்வி. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். மூளையில் டோபமின் என்று ஒன்று சுரக்கிறது; ஜெயிக்கும்போது சுரப்பதைவிட, ஜெயிப்போமா மாட்டோமா என்று தெரியாதபோதுதான் அதிகம் சுரக்கிறது. செல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை ஆபரேசன் பண்ணி எடுத்துவிடலாமா என்றார். எடுத்தால் மனிதனுக்குக் காலையில் படுக்கையை விட்டு எழவே தோன்றாது என்றேன்.

"இப்ப மட்டும் எந்திரிச்சிட்டாகளாக்கும்!"

ஒரே ஒரு சீட்டு

"ஒரே ஒரு சீட்டுல போச்சு சார்" என்பது மாரியப்பனின் பல்லவி. மயிரிழையில் தோற்பதை மூளை தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. கிட்டத்தட்ட வெற்றி என்று கொண்டாடி, இன்னொரு ஆட்டத்துக்கு ஆளைத் தள்ளிவிடுகிறது. இதை விளக்க உள்ளூர் உவமை ஒன்றை முந்தின நாளே தயாரித்து வைத்திருந்தேன். "திரி எரிஞ்சும் வெடிக்காத வெடிகிட்ட மறுபடியும் போய்க் குனிஞ்சு பார்ப்பீங்களா? ஒரு சீட்டில் போன ஆட்டமும் அப்படித்தான்" என்றேன்.

மாரியப்பனின் முகம் மாறிவிட்டது. மாற்றம் தொடங்கிவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க கம்பெனி வெடி வெடிக்காம போகாது சார். பாத்துப் பேசுங்க."

மேகம்

செல்போனை செல்வி வாங்கி வைத்துக்கொண்டார். மாரியப்பனுக்கு பட்டன் போன். கம்பெனியிலும் தற்காலிகமாக, மேடையில் சரக்குக் காயவைக்கும் வேலை. நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

ஒருநாள் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து மழைக் கருக்கல் ஏறியது. மேடையிலிருந்த எல்லோரும் சரக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட, மாரியப்பன் மட்டும் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறார். வேன் டிரைவரிடம் ஒரு டீக்குப் பந்தயம்: மழை வராது. பந்தயம் கட்டியவர் தட்டைத் தூக்கினால் தோற்றதாகிவிடும் அல்லவா? மழை வந்தது. நனைந்த சரக்கு வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மூளைக்குச் சீட்டு தேவையில்லை, நிச்சயமின்மை போதும் என்று நான் படித்திருக்கிறேன். செல்வியிடம் சொல்லத்தான் மறந்திருந்தேன். சாயங்காலம் கருப்பசாமி போனில் பிடித்தார்.

"செல்லப் பிடுங்கியாச்சு சார். வானத்த எங்கன கொண்டு ஒளிக்க?"

ஃபோர்மேனின் பரீட்சை

தீபாவளி சீசன் நெருங்கியது. மருந்து கலக்க ஆள் பற்றவில்லை. அந்த மழைக்குப் பிறகு மாரியப்பன் பந்தயம் எதுவும் கட்டவில்லை என்று செல்வியே சாட்சி சொன்னார். கருப்பசாமி நேரில் வந்தார். "சரியாகிட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே உள்ள விடுதேன்." மாரியப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து அறை அவருக்குச் சம்பளம் மட்டுமில்லை, மரியாதையும்கூட.

நான் வழக்கம்போல வகுப்பெடுத்தேன். பழகிய தடங்கள் மூளையில் அழிவதில்லை, புல் முளைத்து மூடும், அவ்வளவுதான். எனவே ஒரு கோணத்தில் ஆம், இன்னொரு கோணத்தில் இல்லை. கருப்பசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோணமெல்லாம் இருக்கட்டும். உங்க பிள்ளைய இவன்கூட அந்த ரூமுக்குள்ள அனுப்புவீகளா?"

குழாய் ஷெட்

அனுப்பமாட்டேன் என்றேன். மாரியப்பன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார். அவரைக் காகிதக் குழாய் சுற்றும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

தீபாவளி கழிந்து, செல்வி இழுத்துக்கொண்டு வந்தார். மாரியப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். "சுத்து, ஒட்டு, அடுக்கு. நேத்து மாதிரியே இன்னைக்கு, இன்னைக்கு மாதிரியே நாளைக்கு. நெஞ்சு படபடன்னு அடிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா சார்? அங்கன ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது!" அதற்கான நரம்பியல் காரணத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான நான் கோயில் கோயிலாப் போனேன்!"

ஆக, ஒரு மனிதனுக்கு அலுப்புத் தட்டவைத்துவிட்டு அதைக் குணம் என்று சொல்லிக்கொள்ளும் தொழில், பள்ளிக்கூட வாத்தியார்களை விட்டால், எங்களுடையது ஒன்றுதான்.