லாரியில் ஏறாத நாய்

தமிழ்ப் பள்ளியில் சேரப் பிள்ளைகள் இல்லாமல் போனதால், எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்த என்னை ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். என் ஆங்கிலம் அரைகுறை. அதனாலோ என்னவோ, புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பத்துப் பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர்களுக்கென்று படக்கதைப் புத்தகங்கள் வந்தன. பூனை, நாய், முயல் என்று எல்லாம் வளர்ப்புப் பிராணிக் கதைகள். நாய் மெத்தையில் படுத்தது. அதற்குப் பிறந்தநாள் கேக் வேறு. கண்றாவி. ஆனாலும் முந்தின நாளே சிராங்கூன் சாலை வீட்டில் அகராதியோடு உட்கார்ந்து, படத்துக்கு மேலே குமிழ்களில் இருந்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, சுவா சூ காங் கம்பத்து அத்தாப்புக் குடிசையிலிருந்து, அந்தக் கிராமத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த தமிழ்ச் சிறுமி. மூன்றே மாதத்தில் நன்றாகப் படிக்கத் தொடங்கினாள். நாய்க்கதையில் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுவிடுவாள். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது; நாய் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று அதட்டினேன்.

"இது பொய் லா டீச்சர். ஃப்ளாட்ல நாய விடமாட்டாங்கன்னு அப்பா எங்க நாய ஏத்தல. அது லாரி பின்னாடியே ஓடி வந்துச்சு."

"சரி, புக்ல இருக்கறத மட்டும் படி."

ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். தேறாதவர்கள் கடைசிப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அவள் அதே புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். லாரிப் பக்கம் வந்தது. அப்போதும் நிற்கவில்லை. நாய் லாரிக்குப் பின்னால் ஓடியது, பெரிய சாலை வரைக்கும் வந்தது, அப்புறம் அதைக் காணவில்லை என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படி ஒரு வரியும் புத்தகத்தில் இல்லை.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறீர்கள். மறந்த இடத்தில் கற்பனை செய்கிறாள். உங்கள் தமிழ்ப் பள்ளி வழக்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவளுக்குப் படிக்கத் தெரியும் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலே வார்த்தை, நாலும் எனக்குத் தெரிந்தவைதான். என் வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று பயந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டுக் கடைசிப் பிரிவு என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், எங்க நாயப் பத்திச் சொன்னத அவரு நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரும்மா," என்றேன்.

மறு ஆண்டு முழுக்க, கடைசிப் பிரிவு வகுப்பைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பார்க்காமல் நடந்தேன். உள்ளே இருந்து "டீச்சர்" என்று கூப்பிடுவாள். காதில் விழாதது போலப் போய்விடுவேன்.