சுறா வந்தாலும் வராவிட்டாலும்

காலைக் காப்பி ஆறுவதற்குள் என் கைபேசிக்கு ஒரு சுறா வந்துவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. இங்கே சுறாக்களைப் பிடித்து, உடம்பில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். கரையோர மிதவைக்குப் பக்கத்தில் அது வந்தால் போதும், எந்தக் கடற்கரை, எத்தனை மணி என்று எல்லோருக்கும் செய்தி போய்விடும். கருவி இல்லாத சுறாக்களைத் தேட ட்ரோன் பறக்கிறது. எங்கள் பக்கத்து ஊரான கம்பத்தில் கல்யாண மண்டபத்துக்கு மேலே படம் பிடித்துப் பறக்குமே, அதே மாதிரிதான். சனி, ஞாயிறு காலைகளில் அதன் திரைக்கு முன்னால் தொண்டராக உட்காருகிறேன். நிழல் தெரிந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அபாயச் சங்கு ஊதும். நீந்துகிறவர்கள் கரையேறுவார்கள்.

இந்தக் கோடையில் போன வாரம் வரை மூன்று முறை அழுத்தினேன். முதலில் கடற்பாசித் திட்டு. அடுத்தது டால்பின்கள். மூன்றாவது, மேகத்தின் நிழல். அலைப்பலகையோடு சொட்டச் சொட்ட ஏறி வந்த ஒருவர், வாழ்க்கையில் ஒரு சுறாவையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். “இல்லை, தண்ணீர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்” என்றேன். என் ஆங்கிலம் சறுக்கிவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். கடலைக் காட்டி, “ஆமாம், இங்கே நிறைய இருக்கிறது” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

என் ஆங்கிலத்தில் குறையில்லை. நான் காமயகவுண்டன்பட்டிக்காரன். பொறியியல் படித்து, எங்கள் பள்ளத்தாக்கில் ஓர் ஆற்று மதகுக்குப் பொறுப்பாக இருந்தவன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் மதகில் பூத் தூவுவார்கள். அதற்கு முன் நான் சங்கு ஊத வேண்டும், படித்துறையில் இருப்பவர்கள் ஏறிக்கொள்ள. ஒரு வருடம், திறந்துவைக்க வர வேண்டியவர் இன்று நாளை என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார். மூன்று நாளும் நான் ஊதிவிட்டேன். தண்ணீர் வரவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் செல்லையா தினமும் போல் படித்துறையில் தம் இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன இஞ்சினியரே, மூணு நாளா ஊதுறீக. தண்ணி எங்கன வருது, நடந்து வருதா?”

“வரும்யா. மேல உத்தரவு வரணும்ல.”

“எம் மாட்டுக்கே சிரிப்பாணி வந்துருச்சு. நாளைக்கு ஊதுனீகன்னா மாடு மட்டுந்தான் ஏறும், நான் ஏற மாட்டேன்.”

படித்துறையே சிரித்தது. நான்காம் நாள் பூக்கூடை வந்தது, உத்தரவும் வந்தது. இன்றும் தள்ளிப்போனால் எந்த முகத்தோடு கடைவீதியில் நடப்பது? மதகு தூக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊதலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தூக்கினார்கள். கைதட்டினார்கள். யாரோ என் கையில் பூவைத் திணித்தார்கள், நானும் தூவினேன். நினைவு வந்து சங்கை நோக்கி ஓடியபோது தண்ணீர் படித்துறையைத் தாண்டியிருந்தது. மாடுகள் இரண்டும் நீந்திக் கரையேறிவிட்டன. நாங்கள் தூவிய செவ்வந்திக்கு நடுவே செல்லையாவின் தலைத்துண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் ‘சங்கு ஊதப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று நாள் கேட்ட காதுகள் நான்காம் நாளும் கேட்டதாகச் சொல்லின. செல்லையாவின் கேலி எல்லோருக்கும் நினைவிருந்தது. துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி பேச்சியம்மாள் அழுதார்: “சங்கு ஊதுனாகளாமே! இந்த மனுசன் வீம்புக்குன்னே நின்னுருக்காக, பாருங்க.” நான் தலையாட்டினேன். இதைப் படிக்கிற யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்: சங்கு ஊதவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வீம்பு பிடிக்கவில்லை. கேலிக்குப் பயந்து நின்றவன் நான், பிறகு பொய் எழுதியவனும் நான்.

போன வாரம் எங்கள் குழுத் தலைவி ஜூலி தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இனி இன்னொருவர் திரையைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அழுத்த வேண்டுமாம். வீணாக ஊதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் யாரும் ஏற மாட்டார்களாம். நியாயம்தான், அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் சொன்னேன்: “வேண்டுமானால் என்னை நீக்கிவிடுங்கள். இந்த நாற்காலியில் இருக்கும்வரை யாரையும் கேட்க மாட்டேன்.” என் மனம் புண்பட்டுவிட்டதென்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு பிஸ்கட்டை நீட்டினார்.

நேற்று மறுபடியும் ஒரு நிழல். கேட்கவில்லை, அழுத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். ட்ரோன் தாழப் பறந்து பார்த்தது. கடற்பாசி. ஜூலி தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கட்டும். தண்ணீரில் இருப்பவர்களை முன்னதாகவே எண்ணி வைப்பது என் வழக்கம். முப்பத்தொரு பேர். மணலில் எண்ணினேன், முப்பத்தொரு பேர். ஆனாலும் கண் தண்ணீரை விட்டு வரவில்லை. அலைகளுக்கு அப்பால், இடுப்பளவு ஆற்றில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற முப்பத்திரண்டாவது ஆளுக்காக இன்னொரு முறை அழுத்தினேன்.